முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகும் தொடரும் வேலை: குடும்பத்துக்கு அரசு என்ன செய்யலாம்?

வேலூரில் நாடறிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. நர்ஸிங் படித்தவர்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய மறுநாளிலிருந்து, அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது, யார் மலஜலம் எடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஊரிலும் வீட்டுக்குள்தான் ஆள் தேட வேண்டும். மகன் பெங்களூரில் இருக்கிறான். மருமகள் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் மாறி மாறிச் சமாளிக்கிறார்கள். இனி முடியாது என்றாகும்போது முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள்.

அதோடு குடும்பத்தின் வேலை முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. அரசின் சட்டங்களும் திட்டங்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உண்மையில் வேலையின் இடம் மாறுகிறதே தவிர வேலை தீர்வதில்லை. இல்லத்தில் இருக்கும் பெற்றோரைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறவர்களை நம் சட்டம் இன்னும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது சில குடும்பங்களின் பிரச்சினை மட்டும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் சொந்த மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் வேகமாக மூப்படையும் மாநிலம் நம்முடையது. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆனால் பிள்ளைகள் வெளியே போவதில் இந்த மூன்றும் ஒன்றுதான். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போன பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. போனதால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் வயதானவர் படுக்கையில் விழும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் அநேகமாக ஒரு பெண்.

அந்த ஒரு ஆள் இல்லத்துக்குப் போய் என்னதான் செய்கிறார்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, அம்மா இருக்கும் இல்லத்துக்கு வருகிறார். கையில் ஒரு கட்டைப்பை. அதில் பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட், தேங்காய் எண்ணெய், நகவெட்டி, ஒரு வாரத்துக்கான மாத்திரை அட்டைகள், தூக்கில் குழைய வடித்த ரசம் சோறு. வந்ததும் முகம் பார்த்துப் பேசிவிட்டு, அடுத்த நிமிஷமே போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தையும் பார்ப்பார். படுக்கைப் புண் முதலில் வருவது அங்கேதான். தோல் சிவந்திருந்தால் அங்கே விரலை வைத்து அழுத்துவார். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"அக்கா, ராத்திரி திருப்பிப் படுக்க வெச்சீங்களா?" என்று இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணிடம் கேட்பார். "இன்னாம்மா பண்றது, ராத்திரிக்கு நான் ஒருத்திதான் கீறேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. இரவு முழுக்க ஒரே ஆள் இருக்கும் இடத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் புரட்டிப் படுக்க வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அந்த அக்காவின் சம்பளமும் வேலை நேரமும் தனியாகப் பேச வேண்டிய விஷயம். அவரை வில்லியாக்கி எந்தக் கொள்கையும் உருப்படாது.

பிறகு அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து ஊட்டுவார். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டிவிடும். மகளுக்கு அந்த நிதானம் இருப்பதால் அன்று அம்மா வயிறார சாப்பிடுவார். அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மகள் முகத்தில் படித்துவிடுவார். கால் வீங்கியிருக்கிறது, இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை, பல்செட் உரசி ஈறு புண்ணாகியிருக்கிறது என்று சிஸ்டரிடம் சொல்வதும் மகள்தான். மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும், டாக்டர் மாற்றி எழுதியதை இல்லத்து நோட்டில் ஏற்ற வைப்பதும் அவரே. இது நலம் விசாரிக்க வந்த வருகை இல்லை. பராமரிப்பின் ஒரு ஷிஃப்ட். சம்பளம் இல்லை, கணக்கில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பெண்ணைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? மூத்த குடிமக்களுக்கான நம் முக்கியச் சட்டம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009-இல் வந்தன. பிள்ளைகள் பராமரிக்காமல் விட்டால் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி உத்தரவிடலாம். கைவிடும் எண்ணத்தோடு முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, ஆதரவற்ற 150 முதியவர்களாவது தங்கும்படி அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. "அமைக்கலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் விட்ட பிள்ளைகளிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற்ற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அந்த வகையில் இது தேவையான சட்டம். ஆனால் இதில் குடும்பம் இரண்டே வேடங்களில் வருகிறது. ஒன்று, பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர். மற்றொன்று, கைவிட்ட குற்றவாளி. பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று விளக்கம் இருக்கிறது. புரட்டிப் படுக்க வைக்கும் கை அதில் இல்லை. பிள்ளைகள் என்ற வரையறையில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. நம் வீடுகளில் அதிகம் உழைக்கும் ஆளையே சட்டத்துக்குத் தெரியாது. 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் மருமகளையும் மருமகனையும் சேர்த்தார்கள், வீட்டில் வந்து பராமரிக்கும் சேவைகளுக்கு ஒழுங்குமுறையும் எழுதினார்கள். ஆனால் மசோதா சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் மருமகள் உள்ளே வருவது கடமையைச் சுமக்கத்தான். உரிமையோ உதவியோ பெற இல்லை.

இதே நாட்டின் இன்னொரு சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பராமரிப்பாளர் யார் என்று வெளிப்படையாக வரையறுக்கிறது. பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, சம்பளம் வாங்கியோ வாங்காமலோ கவனிப்பவர் எவரும் பராமரிப்பாளரே. அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்குவதையும் அரசின் திட்டங்களில் ஒன்றாக அது எழுதி வைத்திருக்கிறது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், குடியாத்தத்திலிருந்து வரும் அந்தப் பெண் முதல்முறையாக ஒரு அரசு ஆவணத்தில் இடம்பெறுவார். பெயர் வைக்காத வேலைக்கு எந்த அலுவலகத்திலும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விஷயம். இல்லத்தில் அம்மாவைச் சேர்த்த குடும்பத்துக்குப் பெரிய கஷ்டம் பணம் இல்லை, பயம். புண்ணைப் பார்க்கிறார்கள், கேட்க நினைக்கிறார்கள், கேட்பதில்லை. "ரொம்பப் பேசுனா, அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடுவாங்க" என்பதுதான் காரணம். நடக்க முடியாதவர், மறதி நோய் வந்தவர், மூக்கில் குழாய் போட்டவர் என்றால் எல்லா இல்லங்களும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொண்ட இடத்தில் வாயைத் திறக்க மனம் வராது. இதோடு உறவினர்களின் நாக்கு வேறு. "பெத்த தாய ஹோம்ல தள்ளிட்டா" என்று கல்யாண வீட்டில் காது படவே பேசுகிறவர்களிடம், அந்த இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்று சொல்லி ஆறுதல் தேட முடியுமா? வெளியில் சொல்ல வெட்கம், உள்ளே கேட்கப் பயம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் ஊமையாகிவிடுகிறது. நஷ்டம் படுக்கையில் இருப்பவருக்கு.

இந்தப் பயத்தைச் சட்டத்தால் குறைக்க முடியும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஓர் உதாரணம். அங்கே இத்தகைய இல்லங்களில் நடந்த கொடுமைகள் வெளிவந்து, 1987-இல் நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. இல்லவாசி விரும்பினால் குடும்பத்தினர் அவரைப் பார்க்க உரிமை உண்டு. குடும்பத்தினர் தங்களுக்குள் குழு அமைத்துக்கொள்ளலாம். கூட்டம் நடத்த இல்லம் இடம் கொடுக்க வேண்டும். அவர்கள் சொல்லும் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒருவரை வெளியேற்றுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், காரணமும் சட்டம் அனுமதித்த காரணமாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பே, 1978-இல், மாநிலம்தோறும் நீண்டகாலப் பராமரிப்புக்கான குறைதீர்ப்பாளர் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அவர்கள் இல்லங்களுக்கு நேரில் போய், இல்லவாசிகள் சார்பாகப் பேசுகிறவர்கள்.

அப்படிப்பட்ட நாட்டிலேயே 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி இல்லங்களின் கதவுகளைக் குடும்பங்களுக்கு மூடினார்கள். மாதக்கணக்கில் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. தொற்றைத் தடுக்க முதலில் வேறு வழி தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் குடும்பத்தினர் வராமல் போனதும், அதுவரை எவ்வளவு வேலையை அவர்கள் செய்துவந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன் விளைவாக 2021 நவம்பரில் டெக்சாஸ் மாநில மக்கள் வாக்களித்து, இல்லத்தில் இருப்பவர் தனக்கு அத்தியாவசியப் பராமரிப்பாளர் என்று ஒருவரை நியமித்துக்கொள்ளலாம், அவர் நேரில் வருவதை இல்லம் தடுக்க முடியாது என்ற உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 2022-இல் ஃப்ளோரிடா இதேபோல் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து, தக்க காரணம் இல்லாமல் வருகையாளரைத் தடுக்கக் கூடாது என்பது பராமரிப்பு இல்லங்களுக்கான விதியாகிவிட்டது.

வேலூருக்கு இது புதிய ஞானம் இல்லை. பாகாயத்தில் உள்ள சிஎம்சியின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் 1950-களின் இறுதியில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸால் தொடங்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் கூடவே தங்கி, சிகிச்சையில் பங்கெடுத்து, எப்படிக் கவனிப்பது என்று கற்றுக்கொண்டு வீடு திரும்பும் முறையை அங்கே வளர்த்தார்கள். மனநல மருத்துவமனை என்றால் மதில் சுவருக்குள் பூட்டி வைக்கும் இடம் என்று உலகம் முழுக்க இருந்த காலத்தில் நடந்தது இது. குடும்பம் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பது தொந்தரவு இல்லை, மருத்துவத்தில் ஒரு பகுதி என்று இந்த ஊர் நடத்திக் காட்டியிருக்கிறது. அதே வேலூர் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லம் "ஞாயிறு மட்டும், ரெண்டு மணி நேரம்" என்று போர்டு மாட்டினால், அதை யாரிடம் கேட்பது என்று ஒரு மகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்; பதிவு சமூக நலத் துறையின் கையில். 2007 சட்டத்தின் 19-ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களின் நிர்வாகத்துக்கும் சேவைத் தரத்துக்கும் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலை நிறைய. பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் நிபந்தனையாகச் சிலவற்றைச் சேர்த்தால் போதும். முதியவர் கைகாட்டும் ஒருவர் எந்த நாளும் வரலாம், சாப்பாட்டு வேளையிலும் வரலாம். புண், விழுதல், மருந்து மாற்றம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஆகியவற்றை அன்றன்றே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தினர் கூட்டம் நடக்க வேண்டும்; அதன் குறிப்பு மாவட்ட சமூக நல அலுவலருக்குப் போக வேண்டும். புகார் கொடுத்த காரணத்துக்காக யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. அனுப்புவதென்றால் எழுத்தில், கால அவகாசத்தோடு. இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. மனசாட்சியோடு நடத்தப்படும் இல்லங்கள் இதை இப்போதே செய்துகொண்டுதான் இருக்கின்றன.

நேரம் இன்னொரு பெரிய சிக்கல். மத்திய அரசு ஊழியருக்கு வயதான பெற்றோரைக் கவனிக்கத் தனி விடுப்பு என்று ஒன்று இல்லை. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் 2025-இல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதில் சொன்னார். அவருக்காவது அது இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ அட்டையில் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு வைத்தியம் உண்டு. அவருக்கே காய்ச்சல் என்றால் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். அம்மாவை இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், கூடவே வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்ணுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது; சுற்றாத அன்று கூலி இல்லை. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. ஜப்பானில் ஒரு குடும்ப உறுப்பினருக்காக மொத்தம் 93 நாள் வரை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். அந்த அளவு இங்கே இப்போது நடக்காது. ஆனால் இஎஸ்ஐ மூலம் ஆண்டுக்குச் சில நாளாவது சம்பளத்தோடு பெற்றோர் பராமரிப்பு விடுப்பு என்று தொடங்குவது நியாயமான கோரிக்கை. தொழிற்சங்கங்கள் இதை இன்னும் கையில் எடுக்காதது வருத்தம் தருகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. டயப்பர் செலவுக்கே அது போதாது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இல்லத்துக் கட்டணத்துக்கு வராது. வருமான வரிச் சலுகைகள் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் ஆளுக்கே மாதம் 600 ரூபாய். தொகை மிகச் சிறியது, அதுவும் வீட்டில் கவனிப்பவருக்குத்தான். ஆனால் பராமரிப்பவரின் கணக்கில் பணம் போட முடியும் என்று ஒரு மாநிலம் செய்து காட்டிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். இல்லத்தில் விட்டவர்களுக்கு அரசு சலுகை கொடுத்தால், எல்லாரும் கொண்டுபோய் விட்டுவிட மாட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லத்தில் சேர்ப்பது வீட்டு நிலைமையும் நோயின் தீவிரமும் முடிவு செய்யும் விஷயம். பஸ் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்பதற்காக யாரும் தாயைப் பிரிய மாட்டார்கள். நிஜமான ஆபத்து வேறு. வந்துபோவதைக் கஷ்டமாக்கினால், வருவது வாரத்திலிருந்து மாதமாகும், மாதத்திலிருந்து தீபாவளி பொங்கலாகும். நல்ல மனசோடு சேர்த்த குடும்பமும் மெல்ல மெல்லக் கைவிட்ட குடும்பமாகிவிடும். சட்டம் தண்டிக்க நினைக்கும் அந்தக் குற்றத்தை, வருகையை எளிதாக்குவதன் மூலமே பெரும்பாலும் தடுக்கலாம்.

கற்றுக்கொடுப்பதற்கும் இந்த ஊரைப்போல் வசதியான இடம் வேறு இல்லை. சிஎம்சியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய ஊர் இது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் வீடு வீடாகப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். இதே குழு மாதம் ஒருமுறை முதியோர் இல்லங்களுக்கும் போகலாம். குடும்பத்தினரும் வரும் நாளில் போகலாம். முதுகுக்கு வலிக்காமல் ஒருவரைப் புரட்டுவது, தொண்டையில் அடைக்காமல் ஊட்டுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது, மறதி நோய் வந்தவர் கோபத்தில் அடிக்கும்போது என்ன செய்வது என்பதையெல்லாம் மகளுக்கும் அந்த ராத்திரி ஷிஃப்ட் அக்காவுக்கும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லித் தரலாம். ஒரே பாடத்தை ஒன்றாகப் படித்த பிறகு இருவருக்கும் இடையே இருக்கும் உரசலும் பாதி குறையும்.

இப்போதைக்குக் குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567. இல்லத்தைப் பற்றிய புகாரையும் அதில் சொல்லலாம். திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளில் மனு கொடுக்கலாம். தனியாகக் கொடுக்கப் பயமாக இருந்தால், ஒரே இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கொடுக்கலாம். மனுவில் குறிப்பிட்ட ஆளின் மேல் புகார் இருக்க வேண்டும் என்றில்லை. வருகை நேரம், தகவல் தருவது, குடும்பத்தினர் கூட்டம், வெளியேற்றும் விதி ஆகிய நான்கையும் மாவட்டத்தின் எல்லா இல்லங்களுக்கும் பதிவு நிபந்தனையாக்கும்படி கேட்டாலே போதும்.